மணவறைக்கு ஒரு கராஜ்

மொன்றியலில் மார்க்கண்டு என்று விசாரித்தால் எந்த மார்க்கண்டு என்று திருப்பிக் கேட்பார்கள். மணவறை மார்க்கண்டு என்றால் போதும், ரெலிபோன் நம்பரையே தந்துவிடுவார்கள். கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ, ஹோலுக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு சனம் அடுத்ததாக அவருக்குத்தான் போன் அடிக்கும். அவருடைய மணவறையில் தாலி கட்டியவர்களின் பிள்ளைகள் இப்போது கார்டெரி என்கிற பாலர் காப்பகத்தில் பிரெஞ்சுப் பாட்டுப் பாடுகின்றன.

ஆனால் அவர் மணவறை போட இந்த ஊருக்கு வந்தவரில்லை. எண்பத்தெட்டில் வந்து இறங்கி, ஒரு துணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே துணி சுற்றி வரும் மட்டைக் குழாய்கள், ஆள் உயரத்தைவிடப் பெரியவை, குப்பைக்குப் போவதற்காக மூலையில் மலைபோலக் குவிந்து கிடக்கும். கூட வேலைசெய்த ஸ்ரீதரனின் தங்கைக்கு ஒரு சேர்ச்சுக்கு அடியில் இருந்த கீழ்நிலத்து ஹோலில் கலியாணம் வந்தது. மேடையில் ஒரு பெட்ஷீற்றைக் கட்டி, முன்னால் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போடுவதாக ஏற்பாடு. அதைக் கேட்ட மார்க்கண்டருக்கு மனம் பொறுக்கவில்லை. சூப்பவைசரிடம் கேட்டு நாலு குழாயைத் தூக்கிக்கொண்டு போய், சிவப்புச் சாட்டின் துணி சுற்றி, தங்கநிற லேஸ் ஒட்டி, நாலு தூணாக நிறுத்திவிட்டார். அன்றைக்குப் பொம்பிளையைப் பார்த்தவர்களைவிடத் தூணைத் தட்டிப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

பிறகு தொழிற்சாலை மூடிப்போனது. சனி ஞாயிறுக்குச் செய்துவந்தது சீவியமாகிவிட்டது. தூண்கள் பெருகின. றெஜிபோம் என்ற நுரைப் பலகையில் செதுக்கிய இரண்டு யானைகள் வந்தன. தோகை விரித்த மயில் ஒன்று வந்தது, சிங்காசனங்கள் வந்தன. எல்லாவற்றையும் பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு பலசரக்குக் கடையின் கீழ்நிலத்தில் வாடகைக்கு அடுக்கிவைத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, பனி கரையத் தொடங்கிய நேரத்தில் அந்தக் கடை கைமாறியது. புது முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார்: யூலை முதலாம் திகதிக்கு இடம் காலியாக வேண்டும். மொன்றியலில் பாதிச் சனம் அந்த ஒரே நாளில்தான் வீடு மாறும். அதற்கு முன் ஒரு சின்ன அறைகூடக் கிடைப்பது கஷ்டம். மார்க்கண்டர் லொங்குய்ய் வரைக்கும் போய்ப் பார்த்தார். கிடைத்த இடங்களில் கூரை தாழ்வாக இருந்தது, யானை உள்ளே போகாது.

பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு இருந்தது, கீழ்நிலமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வசந்தத்துக்கும் அதற்குள் தண்ணி வரும். மட்டைத் தூணும் தண்ணியும் ஓரிடத்தில் இருக்க முடியாது.

“ஒரு கராஜைக் கட்டுங்கோவன்,” என்றாள் மனைவி யோகமலர். புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறவள். எதை எங்கே வைக்கலாம் என்பது அவளுக்குச் சட்டென்று தெரியும். “வீட்டுக்குப் பக்கத்திலை இவ்வளவு நிலம் சும்மாதானே கிடக்கு.”

“சும்மா கிடக்கோ? மரம் நிக்குதடியப்பா.”

“மரத்தை வெட்டினா நிலம்.”

மூன்று மரங்கள் நின்றன. இரண்டு ஊசியிலை மரங்கள், மெலிந்தவை. மூன்றாவது ஒரு மேப்பிள். இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மேப்பிள், கராஜ் வரவேண்டிய இடத்தின் நடுவிலேயே நின்றது.

மகள் தக்ஷினியைக் கூட்டிக்கொண்டு மார்க்கண்டர் நகரசபை அலுவலகத்துக்குப் போனார். தக்ஷினி செஜெப் கல்லூரியில் படிக்கிறவள், பிரெஞ்சு தண்ணிபோல வரும். மார்க்கண்டருக்குத் தொழிற்சாலைப் பிரெஞ்சு மட்டும்தான்: தூக்கு, வை, கெதியா, மெர்சி. கவுண்டரில் இருந்த பெண் கராஜ் வரைபடத்தைப் பார்த்தாள், அளவுகளைப் பார்த்தாள், கராஜில் ஒரு பிழையும் சொல்லவில்லை. மேப்பிளுக்கு மட்டும் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு என்றாள். மரத்துக்கு உத்தரவு வந்தால்தான் கராஜுக்கும் உத்தரவு.

“அதுவரைக்கும் ஒண்டும் தொடங்கக்கூடாதாம், அப்பா. ஒரு கொப்பைக்கூடத் தொடக்கூடாதாம்.”

“விளங்குது, விளங்குது.”

“விளங்கினா சரி.”

அடுத்த ஞாயிறு கோயிலில் ஐயரிடம் நாள் கேட்டார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வைகாசியில் ஒரு நல்ல நாளைக் காட்டினார். “இதை விட்டால் ஆனி, ஆடி ரெண்டும் வீட்டுவேலை தொடங்க ஆகாது. பேந்து ஆவணிதான்.”

ஆவணி என்றால் ஓகஸ்ட் நடுப்பகுதி. யூலை முதலாம் திகதி யானைகள் தெருவில் நிற்கும்.

வேறு யாருமென்றால் நாளாவது ஒண்டாவது என்று விட்டிருப்பார்கள். மார்க்கண்டரால் முடியாது. அவருடைய தொழிலே முகூர்த்தம்தான். ஒருமுறை லொங்குய்யில் கலியாணம், பாலத்தில் விபத்து, வான் அசையவில்லை. ஹோலுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடியப் போகிறது. பொம்பிளையின் தகப்பன் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அழுதார். இரண்டே இரண்டு தூணை நிறுத்தி, அதற்கிடையில் தாலி கட்ட வைத்து, மிச்ச மணவறையைத் தாலி ஏறிய பிறகு பொருத்தினார் மார்க்கண்டர். அந்த மனுசனின் முகத்தைப் பார்த்தவர், நாளில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்?

“நாளுக்கு மட்டும் செய்வம்,” என்று யோகமலரிடம் சொன்னார். “ஒரு கல்லு வைப்பம். மரத்திலை மூண்டு வெட்டு வைப்பம். வேலை பேந்து உத்தரவு வந்தாப் பிறகு.”

“அதுதான் சரி,” என்றாள் யோகமலர்.

தக்ஷினியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவும் இல்லை.

வைகாசிக் காலை வெயில் நன்றாக இருந்தது. சொந்தக்காரரின் கார்கள் தெரு நீளத்துக்கு நின்றன. வடகிழக்கு மூலையில் ஒரு சிறு குழி வெட்டி, ஐயர் மந்திரம் சொல்ல, நவதானியமும் ஒரு பொட்டுத் தங்கமும் போட்டு, பால் ஊற்றி, செங்கல் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். பக்கத்து வீட்டு மதாம் பெலாஞ்சே தன்னுடைய நீச்சல் குளத்தில் விழுந்திருந்த மேப்பிள் விதைகளை வலையால் அள்ளியபடி வேலிக்கு மேலால் பார்த்தாள். யோகமலர் அவளுக்கும் ஒரு தட்டில் மோதகம் கொடுத்தாள்.

கடைசியாக மரம். மார்க்கண்டர் மேப்பிளின் அடியில் மஞ்சள் தண்ணி தெளித்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு புதுத்துண்டைச் சுற்றிக் கட்டினார். கைகூப்பினார்.

“உன்னை வெட்டவேண்டி வந்திட்டுது. குறை நினையாதை. உன்னிலை குடியிருக்கிற சீவன்கள் எல்லாம் வேறை இடம் பாத்துப் போகட்டும். எங்களுக்கு உத்தரவு தா.”

புதுக் கைக்கோடாலியால் மூன்று வெட்டு, பட்டை மட்டும் பிரியும் அளவுக்கு. மேலே கொப்பில் இருந்த அணில் அசையவே இல்லை.

அடுத்த கிழமை இன்ஸ்பெக்டர் வந்தான். இளம் பெடியன், கழுத்தில் கமரா. வீட்டைச் சுற்றி வந்து மேப்பிளுக்கு முன்னால் நின்றுவிட்டான். சந்தனம், குங்குமம், துண்டு, மூன்று வெட்டு. குனிந்து வெட்டுக்குள் விரலை வைத்துப் பார்த்தான். நிமிர்ந்து தக்ஷினியிடம் ஏதோ கேட்டான்.

“வேலை தொடங்கியாச்சோ எண்டு கேக்கிறார்,” என்றாள் தக்ஷினி. முகம் சிவந்திருந்தது.

“தொடங்கேல்லையெண்டு சொல்லு.”

“அப்ப இது என்ன?”

“அது நாளுக்கு வெட்டினது.”

“நாளுக்கு எண்டா?”

“நாளுக்கு எண்டா நாளுக்குத்தான், பிள்ளை. நல்ல நாளிலை தொடங்கி வைக்கிறது.”

“தொடங்கி வைக்கிறதெண்டு நீங்களே சொல்லுறீங்கள். அப்பா, தொடங்கினதோ, தொடங்கேல்லையோ? அவருக்கு ஒண்டைத்தான் சொல்லலாம்.”

இந்த இரண்டையும் மார்க்கண்டர் இதுவரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கடவுளுக்கு முன்னால் வேலை தொடங்கியாயிற்று. பாலும் தங்கமும் மண்ணுக்குள் இருக்கின்றன. நகரசபைக்கு முன்னால் ஒன்றும் தொடங்கவில்லை, ஒரு செங்கல்தானே. இரண்டும் அவருக்கு உண்மை. ஆனால் கேட்பவன் ஒருவன், கேள்வி ஒன்று.

குசினி யன்னலைத் திறந்து யோகமலர் தலையை நீட்டினாள். “இஞ்சாருங்கோ! வாயாலை இல்லையெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. வைச்ச நாள் அழிஞ்சுபோம்.”

“அப்ப என்னத்தைச் சொல்ல?”

“அது எனக்குத் தெரியாது.” யன்னல் மூடிக்கொண்டது.

தொடங்கியது என்றால் உத்தரவு போய்விடும். யூலையில் யானையும் மயிலும் தெருவில், ஒரு மழையோடு இத்தனை வருட உழைப்பும் கூழ். தொடங்கவில்லை என்றால் அந்த நாளைத் தன் வாயாலேயே திருப்பிக் கொடுத்ததாகிவிடும். இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தொடங்கேல்லை,” என்றார் மார்க்கண்டர். மரத்தைப் பார்க்காமல் சொன்னார். “அப்பிடியே சொல்லு.”

தக்ஷினி பிரெஞ்சில் சொன்னாள். ஒரு சொல்லில் முடியவேண்டியதை நீளமாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டான், அவள் பதில் சொன்னாள். வேலிக்கு மேலால் மதாம் பெலாஞ்சேயும் ஒரு வசனம் போட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் வெட்டுக்களைப் படம் எடுத்தான், விரலை ஆட்டி ஒரு எச்சரிக்கை மாதிரிச் சொன்னான், போய்விட்டான்.

“என்னவாம்?”

“இனித் தொடக்கூடாதாம். பாத்துச் சொல்லுவினமாம்.”

தக்ஷினி வேகமாக உள்ளே போய்விட்டாள். கோபம் என்று மார்க்கண்டர் நினைத்தார். கோபம் இருந்ததும் உண்மைதான்.

அந்த வாரக்கடைசியில் ஒரு கலியாணம். மார்க்கண்டர் வழக்கம்போலத் தூண் நிறுத்தினார், யானைகளின் தும்பிக்கையைத் துடைத்தார், பூச்சரத்தைச் சரிபார்த்தார். கெட்டிமேளம் கொட்டும்போது ஓரமாக நின்று நேரத்தைப் பார்ப்பது அவருடைய பழக்கம். சரியான நேரத்தில் தாலி ஏறினால் தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொள்வார். அன்றைக்கு மேளச் சத்தம் தொடங்கியதும் வெளியே போய்க் கார் பார்க்கில் நின்றார். நல்ல நேரத்தைப் பற்றித் தனக்கு இனி என்ன கதை என்று இருந்தது அவருக்கு.

ஆனி பிறந்த கையோடு உத்தரவு வந்தது. மரத்துக்கும் சரி, கராஜுக்கும் சரி. வெட்டுகிற மேப்பிளுக்குப் பதிலாக முன்வளவில் இரண்டு கன்று நடவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அடுத்த நாள் காலையே, முன்பே பேசிவைத்திருந்தபடி, யோசெப் தன்னுடைய ட்ரக்கோடு வந்து நின்றான். மட்டக்களப்பான், பல்கனியும் கராஜும் கட்டுகிறவன், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. கூட இரண்டு பேர், மரம் வெட்டுகிற மிசின், ஏணி, கயிறு.

“எங்கால தொடங்க, அண்ணன்?”

மார்க்கண்டர் படியில் இருந்தார். எழும்பவில்லை. “தொடங்கேலாது, தம்பி.”

“ஏன், கடதாசி வரல்லியா?”

“கடதாசி வந்திட்டுது. இது ஆனி.”

“அதான் வைகாசியில கல்லு வெச்ச எண்டு சொன்னீங்களே.”

“வைச்சனான்தான். பேந்து தொடங்கேல்லையெண்டு என்ரை வாயாலை சொல்லிப்போட்டன். சொன்னாப் பிறகு அந்த நாள் என்ரை நாளில்லை. இனி ஆவணியிலைதான்.”

யோசெப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “என்ன கா இது? எங்கட பாதரும் வந்து தண்ணி தெளிப்பார்தான், ஆனா கொங்கிறீற் காஞ்ச பிறகுதான் வருவார். அண்ணன், இப்ப விட்டீங்க எண்டா நான் லொங்குய்யில ஒரு வேலைக்குப் போயிருவன். மறுகா செப்டெம்பர்லதான் வருவன்.”

யோகமலர் வேலைக்குப் போகும் உடுப்போடு வாசலுக்கு வந்தாள். “ஆவணி மட்டும் யானையை எங்கை கட்டுறது? குசினிக்கையோ? நான் அதின்ரை தும்பிக்கைக்குக் கீழாலை பூந்து தேத்தண்ணி போடட்டோ?”

“நீதானே நாள் அழிஞ்சுபோமெண்டு சொன்னனீ.”

“நான் சொன்னாப் பிறகும் நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்தானே.”

“சொல்லாட்டி உத்தரவு எங்காலை வந்திருக்கும்?”

“ஐயோ, நிப்பாட்டுங்கோ ரெண்டு பேரும்.” தக்ஷினி வெளியே வந்தாள். நித்திரையால் எழும்பிய முகம். சத்தத்தில் மதாம் பெலாஞ்சே வீட்டுத் திரையும் விலகியது. “அப்பா, நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லேல்லை.”

“எப்பிடி?”

“தொடங்கேல்லையெண்டு நான் அவருக்குச் சொல்லேல்லை.”

மார்க்கண்டர் எழும்பிவிட்டார். “அப்ப என்னத்தையடி சொன்னனீ?”

“நீங்கள் சொன்னதைச் சொன்னா இது என்ன வெட்டு எண்டு திரும்பவும் கேப்பார். அதாலை நீங்கள் செய்ததைச் சொன்னன். எங்கடை ஆக்கள் மரம் வெட்டமுந்தி மரத்திட்டை உத்தரவு கேக்கிறவை. அப்பா மரத்திட்டைக் கேட்டிட்டார், இப்ப உங்களிட்டைக் கேக்கிறார் எண்டு.”

“அதுக்கு அவன்?”

“மரம் என்ன சொன்னதாம் எண்டு கேட்டார்.”

யோசெப் சத்தமாகச் சிரித்தான். மார்க்கண்டர் சிரிக்கவில்லை. “நீ?”

“இன்னும் பதில் வரேல்லை, உங்கடை பதிலோடை சேந்துதான் வருமெண்டன். மதாம் பெலாஞ்சே சொன்னா, எந்த மரமும் இவ்வளவு மரியாதையாக் கேட்டா ஓமெண்டுதான் சொல்லும், தன்ரை குளத்துக்கும் நல்லமாம். பட்டையை வெட்டினது பிழைதான், இனிச் செய்யக்கூடாது எண்டு இன்ஸ்பெக்டர் எனக்கு ஏசினவர். நல்லா ஏசினவர். நான் அதை உங்களுக்குச் சொல்லேல்லை.”

மார்க்கண்டர் மரத்தடியில் செய்த சடங்கு அவளுடைய பிரெஞ்சில் போய்ச் சரியாகத்தான் இறங்கியிருக்கிறது. தனக்கே இரண்டாகப் பிரிந்து நின்றதை இந்தப் பிள்ளை ஒன்றாக்கிச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மனம் சுலபத்தில் விடவில்லை.

“எண்டாலும் என்ரை வாயாலை வந்தது வந்ததுதானே, பிள்ளை.”

“ஆருக்குச் சொன்னனீங்கள்? எனக்குத்தானே. எனக்கு நீங்கள் ஒரு நாளைக்கு எத்தினை சொல்லுறீங்கள். நான் எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுக்கிறனே?”

யோகமலர் சேலைத் தலைப்பு இல்லாததால் ஜக்கெற் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மார்க்கண்டர் மேப்பிளுக்குப் பக்கத்தில் போனார். குங்குமம் மழைக்குக் கரைந்துவிட்டது. துண்டு வெளிறிப்போய் இன்னும் கட்டியபடி இருந்தது. மூன்று வெட்டின் ஓரமும் காய்ந்து கறுத்திருந்தது. துண்டை அவிழ்த்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டார்.

“யோசெப்.”

“ஓம், அண்ணன்.”

“தொடங்கின வேலைதானே. முடி.”

பின்னேரத்துக்குள் மரம் துண்டு துண்டாகக் கீழே வந்துவிட்டது. வேரைக் கிளப்பத்தான் நேரம் போனது. வடகிழக்கு மூலையைத் தோண்டும்போது செங்கல் தட்டுப்பட, யோசெப் மிசினை நிறுத்திவிட்டு முழங்காலில் நின்று அதைக் கையால் எடுத்தான். பால் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. முளைத்துப்போயிருந்த தானியங்களோடேயே அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொங்கிறீற் ஊற்றிய அன்று அதே மூலையில் தானே திருப்பி வைத்தான். மார்க்கண்டரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் ஊற்றினான். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

யூலை முதலாம் திகதி ஊர் முழுக்க வீடு மாறியது. தெருவெல்லாம் சோபா, பிறிட்ஜ், மெத்தை. ஒரு ட்ரக்கும் வாடகைக்குக் கிடைக்கவில்லை. மார்க்கண்டர் தன்னுடைய வானிலேயே பார்க் எக்ஸ்ரென்ஷனுக்கும் பியர்பொன்ட்ஸுக்குமாக ஓடினார். யானைகளை வானின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தபோது சிக்னலில் நின்ற பிள்ளைகள் கை காட்டினார்கள். வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு நின்றது.

கராஜுக்குச் சுவர் இருந்தது, கூரை இருந்தது, கதவு இன்னும் வந்துசேரவில்லை. தூண்களை உள்ளே நிமிர்த்தி அடுக்கி, மயிலைச் சுவரோடு சாய்த்து, சிங்காசனங்களுக்குப் போர்வை போட்டு, கடைசியாக யானைகளை ஏற்றினார்கள். பிறகு மார்க்கண்டர் வானைப் பின்னால் எடுத்து, வாசலுக்குக் குறுக்காக, சுவரோடு முட்டும் அளவுக்குக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தினார். அதுதான் அப்போதைக்குக் கதவு.

அவர் இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. வானுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கால் உள்ளே புகுந்து, கூரையில் முதல் முதலாக மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். யானையின் முதுகைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. போன் அடித்தது. ஆவணியில் சாமத்தியவீடு வைத்திருக்கிற றோஸ்மேரி.

“அண்ணை, கடைக்குக் கீழை இருந்த இடத்தை விட்டிட்டியளாம் எண்டு கேள்விப்பட்டன். மணவறை இருக்கோ?”

“இருக்கு, தங்கச்சி. எல்லாம் வீட்டிலைதான் நிக்குது. கராஜ் கட்டியிருக்கிறன்.”

“அப்ப காரை எங்கை விடுவியள்?”

மார்க்கண்டர் வானுக்கு அப்பால், மழையில் நின்ற தன்னுடைய பழைய கொறோலாக் காரைப் பார்த்தார்.

“அது வெளியிலைதான் நிக்கும். அதுக்கென்ன, நனையட்டும்.”